பட்டுப்போன மரத்தை வெட்டுவதா, விடுவதா?

நத்தம் தோப்பு

போன வாரம் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் இருக்கும் நண்பர் இந்தக் குழுவில் அங்குள்ள ஹார்ஸ் மலைப் படங்களைப் போட்டிருந்தார். மலைச்சரிவு முழுக்கச் சாம்பல் நிறத்தில் விறைத்து நிற்கும் மரங்கள். எல்லாம் பட்டை வண்டு செய்த வேலை என்று எழுதியிருந்தார். எல்லோரும் ‘ஐயோ பாவம்’ என்று சொல்லிவிட்டுக் கலைந்துவிட்டீர்கள். நான் நம் ஊர்க் கதையைக் கேட்கிறேன்.

என் மாந்தோப்புக்கு மேலே அழகர்மலைத் தொடரின் அடிவாரக் காடு இருக்கிறது. மழை பொய்த்த காலத்தில் பட்டுப்போன உசிலை மரங்கள் இன்னும் அங்கே நிற்கின்றன. அடிமரமெல்லாம் துளை, கீழே மாவு மாவாகக் கொட்டிக் கிடக்கிறது. இந்தக் கோடையில் என் மேல்வரிசையில் நல்ல காய்ப்பில் இருந்த கல்லாமை ரக மாமரம் ஒன்று திடீரென்று காய்ந்தது. இலை உதிரவே இல்லை. பழுப்பாகி அப்படியே கிளையில் தொங்குகிறது. மலையில் இருந்த வண்டு கீழே இறங்கிவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன்.

என் கட்சி இதுதான்: காட்டோரத்தில் பட்டு நிற்கும் மரங்களை வெட்டி எரிக்க வேண்டும். காப்புக்காட்டுக்குள் அரிவாளோடு நுழைந்தால் வழக்கு வரும் என்பது எனக்கும் தெரியும். சட்டம் காட்டைக் காக்கட்டும், தோப்பை யார் காப்பது?

விலங்கியல் வாத்தியார்

நத்தம் ஐயா, கொட்டிக் கிடக்கும் மாவு என்ன நிறம்? முதலில் அதைச் சொல்லுங்கள். மீதியைப் பிறகு பேசலாம்.

தெப்பக்குளம் டு கோட்டிங்கன்

படம் போட்டவன் நான்தான், அதனால் நான் பார்ப்பதைச் சொல்லிவிடுகிறேன். இங்கே ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தைத் தாக்கும் வண்டின் நீளம் 5 மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். ஆண் வண்டு முதலில் பட்டையைத் துளைத்து உள்ளே ஒரு சிறு அறை அமைக்கும். பிறகு வாசனை விட்டு இரண்டு மூன்று பெண் வண்டுகளை அழைக்கும். அதே வாசனைக்கு மற்ற ஆண்களும் ஆயிரக்கணக்கில் வந்து அதே மரத்தில் விழும். பெண் வண்டு மரத்தின் நீளவாக்கில் ஒரு சுரங்கம் குடைந்து இரு பக்கமும் முட்டையிடும். புழுக்கள் அதிலிருந்து பக்கவாட்டில் குடைந்துகொண்டே போகும். புழு வளர வளரச் சுரங்கமும் அகலமாகும். பட்டைக்கு அடியில் இருக்கும் அந்த ஈரமான உள்பட்டை வழியாகத்தான் இலை சமைத்த உணவு வேருக்கு இறங்குகிறது. அது சுற்றிலும் அறுபட்டால் மரம் பிழைக்காது.

தண்ணீர் குடித்து நிற்கும் மரம் பிசினைப் பீய்ச்சி வண்டை மூழ்கடித்துவிடும். 2018 முதல் தொடர்ந்து வந்த வறட்சியில் மரங்களுக்குப் பிசின் ஊறவில்லை. மூன்றே ஆண்டுகளில் ஜெர்மனி சுமார் 5 லட்சம் ஹெக்டேர் காட்டை இழந்தது.

இந்த ஊர் வனக்காவலர்கள் வண்டைத் தேடும் விதம் நத்தம் ஐயாவுக்குப் பிடிக்கும். மரத்தின் தலை பச்சையாக இருக்கும்போதே அடிமரத்தில் பழுப்பு மாவு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இருந்தால் உடனே வெட்டி, பட்டையை உரித்து, அல்லது கட்டையைக் காட்டை விட்டே வெளியேற்றிவிடுகிறார்கள்.

நத்தம் தோப்பு

பார்த்தீர்களா? ஜெர்மன்காரனே வெட்டுகிறான்.

வாத்தியாருக்குப் பதில்: உசிலையில் வெள்ளை மாவு. மாமரத்தில் பழுப்பு, அதுவும் கொஞ்சம்தான். மாமரத்தில் கோந்து நிறைய வடிந்திருந்தது. கத்தியால் பட்டையை நெம்பினேன், பலகை போல வந்தது. உள்ளே மரம் கருப்பு வரி ஓடிக் கிடந்தது. துளைகள் மிகச் சிறியவை, ஊசி நுழையும் அளவு.

விலங்கியல் வாத்தியார்

நிறத்தைக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. பழுப்பு மாவு என்றால் பட்டையைக் குடைகிறது. வெள்ளை மாவு என்றால் பட்டையைத் தாண்டி மரத்தையே குடைகிறது. பட்டை வண்டுக்கு வேண்டியது உயிருள்ள, ஈரமான உள்பட்டை. பட்டுக் காய்ந்த உசிலையில் அதற்குச் சோறு கிடையாது. அங்கே மாவு கொட்டுபவை செத்த மரத்தை உளுக்க வைக்கும் வேறு பூச்சிகள். அவை மரத்தைக் கொன்றவை அல்ல, சாவுக்குப் பிறகு வந்தவை. அந்த உசிலையைக் கொன்றது வறட்சி. இப்போது போய் அதை வெட்டுவது கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான்.

கோட்டிங்கன் தம்பி சொன்னதிலும் இதுதான் இருக்கிறது. பச்சை மரத்தில் மாவைப் பார்த்தால் வெட்டுகிறார்கள். சாம்பலாகி நிற்கும் மரத்திலிருந்து வண்டு எப்போதோ பறந்துபோயிருக்கும். அதை வெட்டினால் விறகு கிடைக்கும், வண்டு கிடைக்காது.

இன்னொன்று, ஹார்ஸ் மலையில் பெரும்பகுதி சுரங்கத் தொழிலுக்காக நூற்றாண்டுகளாக வரிசை கட்டி நட்டு வளர்த்த ஸ்ப்ரூஸ். ஒரே இனம், பெரும்பாலும் ஒரே வயது. நம் அடிவாரக் காட்டில் உசிலை, வெக்காலி, வாகை, ஆத்தி, நாவல் எல்லாம் கலந்து நிற்கின்றன. உசிலையைத் தின்னும் பூச்சிக்குப் பக்கத்து நாவல் விருந்து வைக்காது.

அறுவை மில் மருமகன்

வாத்தியார் ஐயா, வண்டு அடித்த மரம் என்று சொன்னாலே ஆள் ஓடுகிறான். தொழில்காரன் என்ற முறையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பட்டை வண்டு பலகையைத் தின்பதில்லை. அது கொண்டுவரும் பூஞ்சையால் மரம் நீலம் பாரிக்கும், அவ்வளவுதான். வலு பெரிதாகக் குறையாது. ஜெர்மனியில் அப்படிச் சாய்த்த மரம் விலை சரிந்து சீனாவுக்குக் கப்பல் கப்பலாகப் போயிற்று.

எனக்கு மலையைப் பற்றிப் பயம் இல்லை, துறைமுகத்தைப் பற்றித்தான் பயம். தூத்துக்குடியில் இறங்கும் இயந்திரங்களின் அடியில் இருக்கும் பைன் மரத் தட்டுகளை, அதாவது பேலட்டுகளை, யாராவது பார்த்திருக்கிறீர்களா? கோதுமைக் கதிர் முத்திரையும் எச்டி என்ற எழுத்தும் சூடு போட்டிருக்கும். கட்டையின் நடுப்பகுதி வரை 56 டிகிரி வெப்பம் 30 நிமிடம் இருந்தது என்று அதற்கு அர்த்தம். முத்திரை இல்லாத தட்டும் பழைய கட்டையோடு கலந்து வரத்தான் செய்கிறது. சில தட்டுகளில் பட்டை அப்படியே ஒட்டியிருக்கும். அமெரிக்க வண்டு ஒன்று மரக்கட்டையோடு சீனாவுக்குப் போய் அங்கே லட்சக்கணக்கான பைன் மரங்களை அழித்திருக்கிறது. சொந்த ஊரில் அது பெரிய சண்டியன்கூட இல்லை.

செல்லூர்க்காரி

கொடைக்கானல் பைன் காட்டுக்கு அது வந்தால்?

அறுவை மில் மருமகன்

அதுவும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து ஒரே இனமாக நட்ட காடுதானே, அக்கா. வந்தால் தடுக்க ஆள் கிடையாது. சினிமாக்காரர்கள்தான் வேறு இடம் தேட வேண்டியிருக்கும்.

பண்ணைக்காட்டுக் காப்பி

கீழ்ப்பழனி மலையில் அராபிகா காப்பி போட்டிருப்பவன் நான். வெட்டி எரிப்பதைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டு விழுந்த செடியை வேரோடு பிடுங்கி எரிக்காமல் விட்டால் வண்டு வெளியேறிப் பறக்கும் அடுத்த பறப்பில் பத்துச் செடி போகும். ஏப்ரல், மே ஒரு பறப்பு. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை இன்னொன்று. அதற்கு முன்பே செடி செடியாகத் தண்டைத் தடவிப் பார்க்க வேண்டும். உள்ளே புழு ஓடிய இடத்தில் பட்டை மேடிட்டு வரி வரியாகத் தெரியும். தேங்காய் நார்க் கையுறை போட்டு உதிர்ந்த பட்டையைத் தேய்த்து எடுப்போம். முட்டை வைக்க இடுக்கு இருக்கக் கூடாது.

இவ்வளவு செய்கிற நானே நத்தம் அண்ணன் பக்கம் நிற்க மாட்டேன். காரணம் இதுதான்: இந்தத் துளைப்பானுக்கு வெயில் பட்ட தண்டுதான் பிடிக்கும். எங்கள் பக்கம் சிலர் விளைச்சல் கூடும் என்று நிழல் மரங்களைக் கழித்தார்கள். சிலர் நாட்டு மரங்களை எடுத்துவிட்டு மிளகுக் கொடி ஏற்றச் சில்வர் ஓக் மட்டும் நட்டார்கள். துளைப்பான் முதலில் ஏறியது அந்தத் தோட்டங்களில்தான். வெட்டினால் பூச்சி போகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. எதை வெட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நத்தம் தோப்பு

எல்லோரும் கலப்புக் காடு, கலப்புக் காடு என்கிறீர்கள். மத்தியப் பிரதேசத்தில் மண்டலா பக்கம் சால் காடு யார் நட்டது? இயற்கைக் காடுதானே! 1990களின் பிற்பகுதியில் துளைப்பான் வண்டு விழுந்து அங்கே லட்சக்கணக்கான சால் மரங்கள் போயின. வெட்டித்தான் அடக்கினார்கள்.

விலங்கியல் வாத்தியார்

சால் காடு இயற்கைக் காடுதான், ஆனால் அங்கே பத்தில் பெரும்பாலான மரம் சாலாகவே இருக்கும். வண்டுக்கு அது தோப்புதான். தவிர, அது பட்டை வண்டு இல்லை. நீண்ட உணர்கொம்பு உள்ள வேறு குடும்பம், விரல் நீளம் இருக்கும். உங்கள் மாமரத்துப் பெரிய தண்டுத் துளைப்பானுக்குச் சொந்தம். தேவைக்கு மேல் வெட்டினார்கள் என்ற குற்றச்சாட்டும் அப்போது எழுந்தது.

அந்த ஊரில் கடைப்பிடித்த பழைய முறை ஒன்றைத்தான் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது. மழைக்காலத்தில் சில சால் மரங்களைச் சாய்த்துத் துண்டு போட்டு, முனையில் பட்டையை நசுக்கிச் சாறு கசிய வைப்பார்கள். சாறு குடிக்க வண்டு தூரத்திலிருந்தெல்லாம் வந்து அங்கேயே மயங்கிக் கிடக்கும். கிராமத்து மக்கள் பொறுக்கி, தலையைக் கிள்ளிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். தலையை எண்ணிக் கூலி. சில மரத்தைக் கொடுத்துக் காட்டைக் காக்கிற வழி அது. சால் வண்டுக்கு அது பொருந்தியது, எல்லா வண்டுக்கும் பொருந்தாது.

தெப்பக்குளம் டு கோட்டிங்கன்

விடுவது என்ற கட்சிக்கும் இங்கே பெரிய உதாரணம் உண்டு. 1970இல் தொடங்கிய பவேரியக் காட்டுத் தேசியப் பூங்கா. 1983இல் புயலில் சாய்ந்த மரங்களை எடுக்காமல் அப்படியே விட்டார்கள். வண்டு பெருகி, அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் பட்டது. சுற்றுவட்டாரமே கொந்தளித்தது. இன்று பட்ட மரங்களுக்கு நடுவே தானாக முளைத்த இளங்காடு நிற்கிறது.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. பூங்காவின் நடுவில்தான் விட்டார்கள். ஓரத்தில் குறைந்தது 500 மீட்டர் அகலத்துக்கு வண்டு விழுந்த மரத்தை இன்றுவரை வெட்டி எடுக்கிறார்கள், பக்கத்து விவசாயிகளின் காட்டுக்குப் பரவக் கூடாது என்று.

நத்தம் தோப்பு

இதைத்தானே ஐயா நான் முதலிலிருந்து கேட்கிறேன்! 500 மீட்டர் வேண்டாம், எனக்கு 50 மீட்டர் போதும்.

விலங்கியல் வாத்தியார்

அங்கே வேலிக்கு இந்தப் பக்கமும் ஸ்ப்ரூஸ், அந்தப் பக்கமும் ஸ்ப்ரூஸ். உங்கள் வேலிக்கு மேலே உசிலை, கீழே மா. எந்த வண்டு எதற்காகத் தாண்டும்? அந்த உசிலைகளைச் சாய்த்தால் மரங்கொத்திக்கும் குக்குறுவானுக்கும் பொந்து போகும். பட்டைக்கடியில் புழு தேடித் தின்பவர்களில் மரங்கொத்தி முதல் ஆள். கூலி கொடுக்காமல் வேலை செய்யும் ஆளை விரட்டிவிட்டு மருந்து வாங்கக் கடைக்கு ஓடுவீர்கள்.

உங்கள் மாமரம்தான் எனக்குக் கவலை. இலை காய்ந்தும் உதிராமல் தொங்குவது, கோந்து, கருப்பு வரி, ஊசித் துளை எல்லாம் சேர்ந்து வருவது நல்ல அறிகுறி இல்லை. 1998இல் ஓமானில் மாமரங்கள் இப்படித்தான் சாகத் தொடங்கின. பிறகு பாகிஸ்தானிலும். பிரேசிலில் அதற்கும் பல பத்தாண்டுகள் முன்பே. செரட்டோசிஸ்டிஸ் என்ற பூஞ்சை. அதை மரத்துக்கு மரம் சுமப்பது மாமரப் பட்டை வண்டு, 2 மில்லிமீட்டர்கூட இருக்காது. மாமரமே அதன் வீடு, உசிலையில் அதற்கு வேலை இல்லை. உங்கள் மரத்தில் அதுதான் என்று நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து நான் சொல்ல மாட்டேன். கருப்பு வரி ஓடிய இடமும் நல்ல மரமும் சேருகிற எல்லையில் ஒரு துண்டு வெட்டி, காகிதத்தில் சுற்றி, ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள். பாலித்தீன் பையில் போட்டு வேர்க்க விடாதீர்கள்.

அதுவரை அந்த மரத்தில் பட்ட கத்தி வேறு மரத்தில் படக் கூடாது. அந்தப் பூஞ்சை வண்டு இல்லாமலும் பரவும், கவாத்துக் கத்தியே போதும். அந்த மரத்தைச் சுற்றி ஓடும் தண்ணீரையும் அடுத்த பாத்திக்குத் திருப்பாதீர்கள்.

நத்தம் தோப்பு

கத்தி விஷயம் சரி. என் தோப்பு மரத்தை நான் வெட்டத்தான் போகிறேன், அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். காட்டோரத்து மரத்தைப் பற்றி உங்கள் பதில் எனக்கு ஒப்பவில்லை. மலையில் மழை பொய்த்தால் முதலில் மேல் வரிசைதான் வாடுகிறது. வண்டு மேலிருந்து வரவில்லை என்றால் நோய் ஏன் மேல் வரிசையில் தொடங்குகிறது?

பண்ணைக்காட்டுக் காப்பி

அண்ணே, அதற்கான பதிலை நீங்களே முந்தின வரியில் எழுதிவிட்டீர்கள். மேல் வரிசை வாடுகிறது. வாடிய மரத்தைத்தான் பூச்சி முதலில் தேடி வருகிறது.

நத்தம் தோப்பு

உங்களுக்கு மலையில் சாரல் விழுகிறது, பேசுவீர்கள். 2016இல் இங்கே கிணற்றில் சேறுதான் இருந்தது.

செல்லூர்க்காரி

வண்டு அடித்த காடு எவ்வளவு பெரியதாக இருக்கும் என்று தேடிப் பார்த்தேன். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மலைப் பைன் வண்டு பாதித்த பரப்பு 1.8 கோடி ஹெக்டேராம். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே 1.3 கோடிதான். முன்பெல்லாம் மைனஸ் 40 டிகிரிக் குளிர் வந்து புழுக்களைக் கொன்றுவிடுமாம், இப்போது அந்தக் குளிர் வருவதில்லையாம். நமக்குக் குளிரே கிடையாது. அப்படியானால் நம் நிலைமை இன்னும் மோசமா, வாத்தியார்?

விலங்கியல் வாத்தியார்

இல்லை அம்மா. அங்கே பைனுக்கு அடுத்து பைன், அதற்கு அடுத்தும் பைன். குளிர் ஒன்றுதான் கடிவாளம். நம் பக்கம் வண்டு ஒரு மரத்தை முடித்துவிட்டு அடுத்த சொந்த மரத்தைத் தேடி அலைய வேண்டும், அலைவதற்குள் பறவைக்கும் பல்லிக்கும் இரையாகும். அந்த வசதியை நாம் தோப்பில் இழந்துவிட்டோம். நத்தம் ஐயா தோப்பில் மாமரத்தைத் தவிர எதுவும் இல்லை என்பதற்குப் பந்தயம் கட்டுகிறேன்.

நத்தம் தோப்பு

வரப்பில் நாலு தென்னை இருக்கிறது. பந்தயப் பணத்தை அனுப்பிவையுங்கள்.

மில்லுக்காரத் தம்பி, வெட்டுகிற கல்லாமைக்கு என்ன விலை போடுவீர்கள்? மாமரம் பெட்டிப் பலகைக்கு ஆகும்தானே?

அறுவை மில் மருமகன்

ஆகும். ஆனால் பட்டையோடு வண்டியில் ஏற்ற மாட்டேன். தோப்பிலேயே உரித்து, பட்டையையும் சிம்பையும் அங்கேயே எரித்த பிறகு சொல்லுங்கள். வண்டி நத்தத்திலிருந்து வரும் வழியெல்லாம் மாந்தோப்புதான், வண்டைத் தெளித்துக்கொண்டே வந்த பாவம் எனக்கு வேண்டாம்.

நத்தம் தோப்பு

உரிக்கிற கூலி யார் கொடுப்பது?

அறுவை மில் மருமகன்

பாதி நான் தருகிறேன், பட்டை முழுக்க எரிந்த படத்தை இங்கேயே போட்டால். கத்தியை நெருப்பில் காட்டிய படமும் வேண்டும், வாத்தியார் பார்த்துக்கொண்டிருக்கிறார்.