புதுப்பிப்பு: மாத்திரை சாப்பிட மறுத்த தம்பி, இப்போது

மனச்சிதைவு உள்ள தம்பி மாத்திரையைத் துப்புகிறான், அம்மா தூக்கமில்லாமல் துவண்டுபோகிறார் என்று மார்ச்சில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

பலித்தது, "மல்லுக்கட்டாதீங்க, மாத்திரைக்குப் பதிலா மாசம் ஒரு ஊசி போடலாமான்னு டாக்டரைக் கேளுங்க" என்ற யோசனைதான். 14416-க்கு (டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசினார்கள்) அழைத்தோம். மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். தம்பி சம்மதித்தே நாலு ஊசி ஆகிவிட்டது. சாம்பாரில் மாத்திரை கலப்பதையும் அம்மா விட்டுவிட்டார். அது தெரிந்துதான் வீட்டுச் சோற்றைத் தொடாமல் இருந்திருக்கிறான்!

எதிர்பாராதது: இரண்டாவது ஊசிக்குப் பின் கை நடுக்கம். டாக்டர் அதற்கொரு மாத்திரை கொடுத்தார் (இதை மட்டும் மறுக்காமல் விழுங்குகிறான்). நோயால் அவன் காதில் கேட்கும் குரல்கள் குறைந்திருக்கின்றன, நிற்கவில்லை. ஞாயிறன்று நான் பார்த்துக்கொள்கிறேன். அம்மா சித்தி வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டு வருகிறார்.