தீவக மின் திட்டத்தைப் பற்றிப் பாராளுமன்றத்தில் யாரைக் கொண்டு கேட்பிக்கிறது?

தீவகன்:
யாழ்ப்பாணத்தின்ர நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக் கலப்பு மின் திட்டம் 2021இல் சீன நிறுவனத்துக்குப் போய் நிண்டது. பிறகு இந்திய நன்கொடையாக 2024 மார்ச்சில் ஒப்பந்தம் எழுதப்பட்டது. சூரிய மின் 1,700 கிலோவாட், காற்று 530, பற்றரி 2,400 கிலோவாட் மணி, காத்திருப்பு டீசல் 2,500 கிலோவாட். கணக்கும் முன்னேற்றமும் கேட்க சங்கமாக கோப் குழுவுக்கு (அரச நிறுவனங்களின்ர கணக்கைப் பார்க்கிற பாராளுமன்றக் குழு) எழுதலாமா, வேற குழு இருக்கா?

வலிகாமம்:
கோப் செலவழிஞ்ச காசைத்தான் பார்க்கும், அதுவும் கணக்காய்வாளர் நாயகத்தின்ர அறிக்கையை வைச்சு. கொள்கை, திட்டத் தாமதம் எல்லாம் வலுசக்திக்குரிய துறைசார் மேற்பார்வைக் குழுவின்ர வேலை. இரண்டுமே அதிகாரிகளையும் ஆவணங்களையும் அழைக்கலாம், திட்டத்தை நிப்பாட்டவோ நடத்தவோ ஏலாது. அறிக்கை சபைக்கு வந்தால் அமைச்சர் 8 வாரத்துக்குள்ள பதில் தரவேணும். அந்தப் பதிலைத் தேடி வாசிக்கிற ஆக்கள் குறைவு, அதுதான் பெரிய ஓட்டை.

“ஏன் தாமதம்?” எண்டு மட்டும் எழுதினால் “வேலை நடக்குது” எண்டு ஒரு வரியில முடிச்சுப்போடுவினம். முதல் தகவலறியும் உரிமைச் சட்டத்தால (2016, 12ஆம் இலக்கம்) ஆவணம் எடுங்கோ. நிலைபெறுதகு வலு அதிகார சபைக்கும் தீவுகளுக்கு மின்சாரம் வழங்குற அரச நிறுவனத்துக்கும் தனித்தனியாக, தமிழிலேயே எழுதலாம். 14 வேலைநாளுக்குள்ள முடிவு சொல்லவேணும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ 14 நாளுக்குள்ள அதே நிறுவனத்தின்ர குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதுக்கு மேல தகவலறியும் உரிமை ஆணைக்குழு. இந்த 14 நாளைத் தவறவிட்டுத்தான் கனபேர் முதலில இருந்து தொடங்கவேண்டி வருது.

மின்பொறி:
கேள்வியை தீவு தீவாக, பகுதி பகுதியாகப் பிரியுங்கோ. டீசல் இயந்திரத்தின்ர கொள்ளளவு சூரியத்தையும் காற்றையும் கூட்டின 2,230 கிலோவாட்டை விடப் பெரிசு. பற்றரி பிந்தினால் பகலில சூரியம் ஓடும், காற்றில்லாத இரவில பழையபடி டீசல்தான். சுமை 400 கிலோவாட் எண்டு வைச்சாலும் 2,400 கிலோவாட் மணி 6 மணித்தியாலம்தான் தாங்கும், முழுசாய் வெறுமையாக்கினால். அதனால கேக்கவேண்டியது: ஒவ்வொரு தீவிலயும் இப்ப மாதம் எத்தனை லீற்றர் டீசல், திட்டத்துக்குப் பிறகு எவ்வளவு குறையும், பற்றரி தேய்ஞ்சால் மாத்துற செலவு ஆற்ர தலையில? நன்கொடை அந்தச் செலவையும் தாங்குமா எண்டு ஒப்பந்தப் பிரதியைக் கேட்டுப் பாருங்கோ.

வலிகாமம்:
பதில் கையில வந்ததும் மாவட்ட உறுப்பினர் ஒருவரிட்டக் குடுத்து வாய்மூல விடைக்கான வினாவாகப் போடச் சொல்லுங்கோ. கட்சித் தலைவர் எண்டால் பாராளுமன்ற விதியான நிலையியற் கட்டளை 27(2) விரைவான வழி. பதில் ஹன்சாட்டில (பாராளுமன்றப் பேச்சுப் பதிவேடு) ஏறும், பிறகு மாத்திச் சொல்ல ஏலாது.

கோப்பில பெரிசா நம்பிக்கை வைக்காதேங்கோ. 2022 ஜூன் 9 கேள்விகோரல் (டெண்டர்) கட்டாயத்தைத் தளர்த்துற மின்சாரத் திருத்தம் நிறைவேறினது. அடுத்த நாள் கோப்பில மின்சார சபைத் தலைவர் மன்னார், பூநகரி காற்றாலைத் திட்டத்தை இந்தியாவின்ர அதானி நிறுவனத்துக்குக் குடுக்க அழுத்தம் இருந்தது எண்டு சொன்னது நாட்டையே உலுக்கிச்சு. அவர் அதை மீளப்பெற்று பதவியும் விலகினார். ஆனா திட்டம் அதோட நிக்கேல்லை. 2025 பெப்ரவரியில அதானி நிறுவனமே விலகினது. சட்டமூலம் எண்டால் நிறைவேற முன்னமே அரசியலமைப்பின்ர 121ஆம் உறுப்புரையில உயர் நீதிமன்றம் போகவேணும். பிறகு வழியில்லை.

தீவகன்:
நன்றி. மின்கட்டண விசயத்தையும் இதே கடிதத்தில சேர்க்கலாமா?

மின்பொறி:
வேண்டாம். அது பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின்ர பகிரங்க ஆலோசனைக்குப் போகவேண்டியது. கட்டணத் திருத்தம் அறிவிச்சதும் எழுத்திலயும் நேரிலயும் கருத்துச் சொல்லலாம். கலந்து எழுதினால் இரண்டு இடத்திலயும் “எங்கட விசயம் இல்லை” எண்டு திருப்பி அனுப்புவினம்.