குவில் எடிட்டரில் படம் ஏற்ற, நிர்வகிக்க வழி சொல்லுங்கள்

வணக்கம். ஆத்தங்குடியில் கைவேலை டைல்ஸ் போடும் ஒரு பட்டறையின் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்கிறேன். பிஎச்பி, மைஎஸ்கியூஎல், சாதாரண ஷேர்டு ஹோஸ்டிங். புது டிசைன் வந்தால் பட்டறை ஆட்களே எழுதட்டும் என்று, பிரவுசரிலேயே எழுத உதவும் குவில் எடிட்டர் வைத்தேன். எழுத்துக்கு அருமை, படம்தான் தொல்லை.

குவில் படத்தைத் தனி ஃபைலாக அனுப்பாமல் பேஸ்64 (படத்தை வெறும் எழுத்து வரிசையாக மாற்றும் முறை) ஆக்கி எழுத்தோடு சேர்த்துவிடுகிறது. அளவு மூன்றில் ஒரு பங்கு கூடி, அப்படியே டேட்டாபேஸில் போய் உட்கார்கிறது. கண்ணாடி மேல் அச்சை வைத்துச் சாயம் ஊற்றுவதை அங்குள்ள அண்ணன் போனில் எடுத்தால் ஒரு படமே 5 எம்பி. பக்கம் திறப்பதற்குள் பார்க்க வந்தவர் போய்விடுவார்.

இமேஜ் பட்டனுக்கு ஹேண்ட்லர் (பட்டனை அழுத்தினால் ஓடும் நிரல்) எழுதி, சர்வரில் ஏற்றி, முகவரியை மட்டும் எடிட்டரில் செருகலாம். அது சரி. பிஎச்பியின் 2 எம்பி அப்லோடு வரம்பையும் கூட்டிக்கொள்வேன். ஆனால் ஏற்றிய படத்தை அப்புறம் தேடி எடுக்க, ஃபோல்டர் பிரிக்க, பதிவை நீக்கியபின் அனாதையாகக் கிடப்பதைக் கழிக்க நீங்கள் என்ன செய்கிறீர்கள்? சர்வரில் உள்ள ஃபைல்களை நிர்வகிக்கும் எல்ஃபைண்டர் இலவசம்தான், ஆனால் பழைய பதிப்புகளில் பெரிய பாதுகாப்பு ஓட்டைகள் இருந்ததால் தயக்கம். புதிய பதிப்பை லாகினுக்குப் பின்னால் வைத்து யாராவது ஓட்டுகிறீர்களா? இல்லை, இன்னொரு எடிட்டரான டைனிஎம்சிஇக்கே மாறிவிடலாமா? காசு கட்டும் ஃபைல் மேனேஜர் மட்டும் வேண்டாம், முதலாளி அசைய மாட்டார்.