கார்பன் வரி வந்தால் நர்சரிக்கு எவ்வளவு அடி?

செடிக்கடை, சுங்கை பூலோ:
இரும்பு, எஃகு, எரிசக்திக்கு 2026க்குள் கார்பன் வரி (வெளிவிடும் கரியமிலவாயுவுக்கு டன் கணக்கில் போடும் வரி) என்று மலேசியாவின் 2025 பட்ஜெட்டில் அறிவித்ததிலிருந்து, சாமான் விற்பவர்கள் விலையேற்றப் பேச்சை எடுத்துவிட்டார்கள். நிழல்வலைக் கூடாரத்துக்கு ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) அரை டன் வேண்டும். ஒரு குதிரைத்திறன் பம்பு தினம் 4 மணி நேரம் ஓடும். எவ்வளவு கூடும்? வசூலாகும் பணத்தில் நமக்கு ஏதும் வருமா?

கணக்குப்பிள்ளை:
வரியை ஆலையும் மின் நிலையமும் கட்டும் தம்பி. அவர்கள் விலையில் ஏற்றிவிடுவதுதான் நம் தலையில் விழும். டன் கரியமிலவாயுவுக்கு 15 வெள்ளி (ரிங்கிட்) என்று சும்மா வைத்துப் பாருங்கள். இரும்புத் தாதுவை நிலக்கரியோடு உருக்கும் ஊது உலை எஃகு என்றால் ஒரு டன்னுக்குச் சுமார் 2 டன் வாயு. உங்கள் அரை டன் பைப்புக்கு 15 வெள்ளி. பழைய இரும்பை மின்வில் உலையில் உருக்கியதென்றால் அதில் பாதிகூட வராது.

பம்பு 0.75 கிலோவாட், 4 மணி, 30 நாள்: 90 யூனிட். தீபகற்ப மின்சாரத்தில் யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.75 கிலோ வாயு, ஆக மாதம் 68 கிலோ. வரி ஒரு வெள்ளி!

பைப் 2,500 வெள்ளி என்றால், "கார்பன் வரி" என்று தவுக்கே (கடை முதலாளி) 5 சதவீதம் ஏற்றுவது 125 வெள்ளி. மில் சர்டிபிகேட் கேளுங்கள், எந்த ஆலைச் சரக்கு என்று அதில் இருக்கும். வெளிநாட்டு ஆலை என்றால் நம்மூர் ஆலை கட்டும் வரி அதில் எப்படி வரும்?

பினாங்கு பச்சை:
டீசலைப் பாருங்கள். மானியத்தை வெட்டியதால் 2024 ஜூன் 10ல் தீபகற்பத்தில் லிட்டர் 2.15லிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியது. லோரிக்கு மாதம் 200 லிட்டர் போட்டவருக்கு ஒரே நாளில் 240 வெள்ளி கூடுதல். அதே 200 லிட்டர் விடும் வாயு 536 கிலோ. 15 வெள்ளிக் கணக்கில் 8 வெள்ளிதான். சிறு விவசாயிகளுக்கு மாதம் 200 வெள்ளி என்று 2024ல் தொடங்கிய புடி (BUDI) என்ற அரசு உதவியும் டீசல் மானியக் கணக்கு. கார்பன் வரியோடு குழப்ப வேண்டாம்.

மண்வெட்டி:
வசூல் பசுமை ஆராய்ச்சிக்கும் தொழில்நுட்பத்துக்கும் என்று பட்ஜெட்டிலேயே சொல்லியாயிற்று, கையில் காசாக எதிர்பார்க்காதீர்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா 2008ல் டன்னுக்கு 10 டாலரில் தொடங்கி 2012ல் 30க்கு ஏற்றியது. வசூலை வருமான வரிக் குறைப்பாகத் திருப்பிக் கொடுத்தார்கள். எரிவாயுவில் சூடேற்றும் பசுமைக்கூடங்களுக்குப் பிறகு 80 சதவீத நிவாரணமும் கிடைத்தது. அதைக் காட்டி இங்கே மனு போடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். சுங்கை பூலோ வெயிலில் எதைச் சூடேற்றப் போகிறோம்?

பாலிபேக் செடிக்குக் கார்பன் கிரெடிட் (செடி உறிஞ்சும் கரியமிலவாயுவுக்கு ஈடாக விற்கக்கூடிய சான்று) வாங்கித் தருகிறேன் என்று வருபவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். விற்ற செடி எங்கே நட்டது, உயிரோடு இருக்கிறதா என்று வருடக்கணக்கில் அளந்து காட்டினால்தான் கிரெடிட்.