ஆறினால் ஓடும், சூடானால் அடம்பிடிக்கும்: ஹெட் வேலைக்குப் பிறகு சிக்கிய வால்வு

சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி கைடு (வால்வுத் தண்டான ஸ்டெம் ஏறி இறங்கும் குழல்), சீட் (வால்வு மூடும்போது உட்காரும் வளையம்), ஆயில் சீல் எல்லாம் புதிதாகப் போட்டு மாட்டிய நாலு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆகி அழகாக ஓடியது. இருபது நிமிடம்தான். அப்புறம் மிஸ்ஸிங் அடிக்க (ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் தடுமாற) ஆரம்பித்தது. அணைத்துவிட்டு மறுநாள் காலையில் எடுத்தால் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி ஓடும்.

பிளக், காயில், இன்ஜெக்டர் என்று இரண்டு நாள் வீண். கம்ப்ரஷனும் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பார்த்தேன், நாலு சிலிண்டரிலும் 170 பிஎஸ்ஐ பக்கம். ஆனால் பார்த்தது ஆறிய எஞ்சினில். அங்கேதான் கோட்டை விட்டேன். நன்றாகச் சூடாக்கி, மிஸ்ஸிங் வந்த கையோடு கேஜை மாட்டினால் மூன்றாவதில் 60 கூட ஏறவில்லை. பிளக் ஓட்டை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டும் முள் அசையவில்லை, ஆகக் கோளாறு பிஸ்டன் ரிங்கில் இல்லை. பிஸ்டனைக் கம்ப்ரஷன் டாப்புக்குக் கொண்டுவந்து காற்று ஏற்றியதும் சைலன்சர் பக்கம் உஸ்ஸென்று சத்தம். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு மூடவில்லை.

ராக்கர் (வால்வை அழுத்தித் திறக்கும் கை) கவரைத் திறந்தால், மற்றவற்றில் ராக்கருக்கும் ஸ்டெம்முக்கும் நடுவே இருந்த டேப்பட் இடைவெளியைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இதில். வால்வு கீழேயே நின்றுவிட்டதால் ராக்கர் தொளதொளவென்று ஆடியது. ஸ்டெம் தலையில் நைலான் சுத்தியால் மெல்லத் தட்டியதும் டக்கென்று மேலே ஏறிக்கொண்டது. இந்த நிலையில் ஸ்டார்ட்டரை அடித்துப் பார்க்காதீர்கள். பிஸ்டன் இடித்தால் வால்வு வளைந்துவிடும். கையால் சுற்றுங்கள்.

மறுபடி ஹெட்டை இறக்கி அளந்ததில் விஷயம் புரிந்தது. கைடை அழுத்தி ஏற்றும்போது உள்விட்டம் கொஞ்சம் சுருங்கும். ஏற்றிய பிறகு ரீமர் (ஓட்டையைச் சரியான அளவுக்குச் சீவும் கருவி) விட்டிருக்க வேண்டும், விடவில்லை. கைடுக்கும் ஸ்டெம்முக்கும் நடுவே கையேடு கேட்ட இடைவெளி 0.03 முதல் 0.06 மி.மீ.; இருந்தது 0.01. எக்ஸாஸ்ட் ஸ்டெம் சூட்டில் பருத்ததும் அதில் இறுகிக்கொண்டது.

* * *

முதலில் எழுதியவரைப் போல அல்ல, எனக்கு நடந்தது வேறு மாதிரி. சூடு, ஆறியது என்ற வித்தியாசமே இல்லை, ஒரு இன்டேக் வால்வு (கலவையை உள்ளே விடும் வால்வு) எப்போதும் சோம்பேறி. ஹெட்டை இறக்க மனமில்லாமல், பிளக் ஓட்டை வழியாக மெல்லிய நைலான் கயிற்றைச் சிலிண்டருக்குள் திணித்து, பிஸ்டனை மெதுவாக மேலே ஏற்றினேன். கயிறு வால்வை அண்டைகொடுத்துத் தாங்கிக்கொள்ளும், ஸ்பிரிங்கைக் கழற்றிவிடலாம். (உள்ளே போன கயிற்றின் முனையை வெளியே கட்டிவைக்க மறந்துவிடாதீர்கள்!) பிறகு பிஸ்டனைக் கொஞ்சம் இறக்கிக் கயிற்றை உருவி, ஸ்டெம்மில் ஒரு ரப்பர் வளையம் போட்டுவிட்டு விரலால் ஏற்றி இறக்கினால் நறநறவென்றது. காரணம் கிரைண்டிங் பேஸ்ட், சீட்டைத் தேய்க்கப் பூசும் பொடிப்பசை. சீட் தேய்த்த பிறகு கைடுக்குள் துலக்கவே இல்லை. ஸ்டெம்மில் கோடு விழுந்திருந்தது, அதனால் கடைசியில் ஹெட்டை இறக்கித்தான் ஆகவேண்டியிருந்தது.

* * *

சிக்கிய வால்வு என்று நினைத்து நானும் ஏமாந்திருக்கிறேன். சீட்டை வெட்டினால் வால்வு ஹெட்டுக்குள் இன்னும் ஆழமாக உட்காரும், ஸ்டெம் முனை அந்த அளவு மேலே எழும், டேப்பட் இடைவெளி குறையும். எனக்கு ஆறிய நிலையிலேயே அது கிட்டத்தட்ட பூஜ்யம். சூடானதும் ஸ்டெம் நீண்டு, வால்வு மூடாமலே நின்றது. கம்ப்ரஷன் போனது, சைலன்சரில் காற்றுச் சத்தம், எல்லாம் முதலில் எழுதியவர் சொன்ன அதே அறிகுறிகள்தான். ஆனால் ராக்கர் ஆடவே இல்லை, இறுக்கமாக நின்றது. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் மெல்லிய தகடுகூட உள்ளே போகவில்லை. இடைவெளியைச் சரிசெய்ததோடு முடிந்தது, ஹெட்டைத் தொடவில்லை.

* * *

முதல் பதிவை எழுதியது நான்தான். மூன்றாவது சிலிண்டரின் கைடை மட்டும் ரீம் செய்தேனா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, எட்டையும். மற்ற மூன்று எக்ஸாஸ்ட் கைடும் 0.02-ஐத் தாண்டவில்லை, அடுத்த கோடையில் அவையும் சிக்கியிருக்கும். இப்போது லேசாக எண்ணெய் தடவிய வால்வு தன் எடைக்கே கைடுக்குள் வழுக்கி இறங்குகிறது.