"எது வரைக்கும் வந்தீங்க?": பல பொழுதுபோக்கா, ஒன்றே ஒன்றா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

ஈசூன் மழை

போன சனிக்கிழமை நடந்தது. மனத்தை விட்டுப் போகமாட்டேன் என்கிறது, அதனால் எழுதுகிறேன்.

இரண்டாவது குழந்தை வரப்போகிறது என்று வீட்டுப் பாம் ஷெல்டரை, அதாவது சாமான் போட்டு வைத்திருந்த பாதுகாப்பு அறையை, காலி செய்தோம். உள்ளே என்ன இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கிட்டார், நீர்வண்ணப் பெட்டி, பேட்மின்டன் மட்டைகள், தையல் இயந்திரம், இரண்டு லென்ஸோடு ஒரு கேமரா, எல்லாவற்றுக்கும் அடியில் மிருதங்கம். மிருதங்கத்தை மட்டும் பழைய பொருள் விற்கும் கேரோசல் செயலியில் 180 வெள்ளிக்குப் போட்டேன்.

ஒரு அங்கிள் வந்தார். அறுபதுக்கு மேல் இருக்கும். புளோக்குக் கீழே கல் மேசையருகே சந்தித்தோம். விலையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. உறையைக் கழற்றி, மடியில் கிடத்தி, வலது பக்கத் தோலான வலந்தலையை விரலால் தடவிப் பார்த்தார். நடுவில் பூசிய கறுப்புக் கரணை ஓரத்தில் உதிர்ந்திருந்தது. நம் சிங்கப்பூர் ஈரத்துக்கு உறைக்குள்ளேயே பூசணம் வேறு. பையிலிருந்து ஒரு பொட்டலம் ரவையை எடுத்தார், தண்ணீர் விட்டுப் பிசைந்து இடது பக்கமான தொப்பியில் அப்பினார். அப்புறம் சின்னக் கல்லால் சுற்றிலும் தட்டுவதும் காதைச் சாய்த்துக் கேட்பதுமாகப் பத்து நிமிடம் போனது. கடைசியில் ஒரே ஒரு 'நம்'.

மின்தூக்கிக்குக் காத்திருந்த மலாய் அம்மா திரும்பிப் பார்த்தார். என் விரல்கள் தொடையில் தாமாகவே தட்ட ஆரம்பித்தன. அங்கிள் அதைப் பார்த்துவிட்டார்.

"எது வரைக்கும் வந்தீங்க தம்பி?"

தரிகிடதொம் என்ற ஆரம்பப் பாடம் மூன்றாம் காலத்துக்கு, அதாவது மூன்றாவது வேகத்துக்கு, வந்தபோது நிறுத்தியவன் நான். அதைச் சொல்ல வாய் வரவில்லை. "வேலை வந்துடுச்சு அங்கிள்" என்றேன். வேலை வரவில்லை, கிட்டார் வந்தது. அவர் தலையாட்டிவிட்டு 180 வெள்ளியை எண்ணி வைத்தார்.

பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்று என் அம்மா சொல்லும்போதெல்லாம் கோபம் வரும். அந்த ஆறு பொருள்களும் எனக்கு உண்மையான சந்தோஷம் தந்தவை, பொய்யில்லை. அப்படியிருக்க, அந்த ஒரு கேள்வி ஏன் இவ்வளவு வலிக்கிறது? உங்களுக்கும் இப்படி யாராவது எதிரில் வந்ததுண்டா?

கோப்பி ஓ கோசோங்

உண்டு. அங் மோ கியோ அவென்யூ 5, கெபுன் பாரு. கம்பங்களில் பறவைக் கூண்டுகளை ஏற்றித் தொங்கவிடுவார்களே, அந்தத் திடல். நான் கேமராவோடு போயிருந்தேன். அந்த மாதம் எனக்குப் பறவைகள், அதற்கு முந்திய மாதம் நெடுந்தூர ஓட்டம்.

அங்கே ஒரு பாக்சிக், மலாய்ப் பெரியவர், மெர்போக் என்ற சின்னப் புறா வைத்திருந்தார். முப்பது வருடத்துக்கு மேலாக மெர்போக் மட்டும்தானாம். பக்கத்திலேயே மாத்தா புத்தே, சாமா என்ற வேறு பறவைகளும் பாடுகின்றன, அந்தப் பக்கம் அவர் திரும்பக்கூட இல்லை. மெர்போக்கின் கூவலில் முன், நடு, கடைசி என்று மூன்று பகுதி பார்ப்பார்கள் என்று சொல்லிக்கொடுத்தார். நான் ஏதோ பேசிக்கொண்டே இருந்தேன். திடீரென்று கையைத் தூக்கினார். மேலே அவருடைய பறவை கூவியது. கண்ணை மூடிக் கேட்டார். எனக்கு அழகாகத்தான் இருந்தது. அவர் கண்ணைத் திறந்து "பெலும்" என்றார். இன்னும் இல்லை.

எதில் குறை என்று எனக்குக் கேட்கவே இல்லை. அன்றைக்கு எடுத்த படங்கள் நன்றாக வந்தன, நண்பர்கள் பாராட்டினார்கள். ஆனாலும் ஈசூன், அந்தக் கடைசிச் சுரத்தில் அவர் எதைக் கேட்டார் என்பதுதான் இன்றைக்கும் எனக்கு உறுத்தல். அவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். ஆனால் அவராக வாழச் சொன்னால் மாட்டேன்.

மூன்றாம் மாடி

அவராக வாழ மாட்டேன் என்று சொல்லும் வாய்ப்பு உங்களுக்கு இருக்கிறது, கோப்பி. என் மகளுக்கு நான் அதைக் கொடுக்கவில்லை.

ஆறு வயதில் பரதத்தில் சேர்த்தேன். பிள்ளைக்கு நன்றாக வந்தது. நன்றாக வருகிறதே என்று நீச்சலை நிறுத்தினேன், ஓவியத்தை நிறுத்தினேன், சனி ஞாயிறு முழுக்க நடனமே ஆனது. ஆறாம் வகுப்பில் திறமையைப் பார்த்து உயர்நிலைப் பள்ளியில் இடம் தரும் நேரடிப் பள்ளிச் சேர்க்கைக்கு நடனத்தை வைத்து விண்ணப்பித்தோம். எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள்.

நேர்காணல் முடிந்து பேருந்தில் வரும்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தாள். ரொம்ப நேரம் கழித்து, "அம்மா, நடனம் தவிர வேற என்ன பிடிக்கும்னு கேட்டாங்க" என்றாள். நீ என்ன சொன்னாய் என்றேன். "ஒண்ணும் சொல்லல" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "எனக்கு வேற என்னம்மா பிடிக்கும்?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எனக்கே தெரியவில்லை. இடம் கிடைக்கவில்லை, அது வேறு கதை, அதைப் பற்றி எனக்குக் கவலையும் இல்லை. இப்போது பதினாலு வயது. சலங்கை அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. அவளும் எடுப்பதில்லை, நானும் எடுக்கச் சொல்வதில்லை.

நாற்பதைத் தாண்டியவன்

என் அனுபவம் சின்னது. தேசிய சேவையில் என் பக்கத்துக் கட்டிலில் ஒருத்தன், விளக்கு அணைத்த பிறகும் இருட்டில் ரூபிக் கனசதுரத்தைத் திருகிக்கொண்டே இருப்பான். அந்தக் கிரிச் கிரிச் சத்தத்தில் எனக்குத் தூக்கம் வராது. ஒருநாள் ஏனடா இப்படி என்று கேட்டதற்கு, "இதுல மட்டும் நான் யாருன்னு எனக்குத் தெரியும்" என்றான். அவ்வளவுதான்.

இனி மூன்று பேருக்கும் ஒரு வார்த்தை. ஈசூன், நீங்கள் மிருதங்கத்தை விற்றது தவறு. மற்ற ஐந்தையும் விற்றுவிட்டு அதை வைத்திருக்க வேண்டும். ஒரு வருடத்துக்கு ஒன்றே ஒன்று என்று முடிவு செய்யுங்கள். தினம் நாற்பது நிமிடம், அதுவும் காலையில். குழந்தை பிறந்த பிறகு ராத்திரி நேரம் உங்கள் கையில் இருக்காது. அந்த ஒரு வருடத்தில் புதிதாக ஒரு கருவிகூட வாங்கக் கூடாது. நம்மில் பலருக்கு ஆசை வாங்குவதோடு தீர்ந்துவிடுகிறது, நான் நேரில் பார்த்தது இது. வகுப்புக்கு அரசாங்கம் படிப்புக்குத் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பணம் இருக்கிறதே என்று நினைத்தால், 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 2024 மே மாதம் வந்த 4,000 வெள்ளி வேலை சார்ந்த குறிப்பிட்ட படிப்புகளுக்குத்தான், அதை நம்பி இறங்காதீர்கள். பக்கத்துச் சமூக மன்றத்தில் கேட்டுப் பாருங்கள்.

கோப்பி, உங்களுக்கும் இதேதான். மாதத்துக்கு ஒன்று என்று மாற்றினால் காது எப்படிப் பழகும்? எதிலும் 10,000 மணி நேரம் உழைத்தால்தான் தேர்ச்சி என்று ஆராய்ச்சியே சொல்கிறது. சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம் என்று ஔவையார் அதற்கு முன்பே சொல்லிவிட்டார். மூன்றாம் மாடி அக்கா, எட்டு வருட உழைப்பை அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். பிள்ளையைக் கொஞ்சம் வற்புறுத்தினாலும் பரவாயில்லை, பிற்காலத்தில் நன்றி சொல்வாள்.

வில்லும் நாணும்

அந்த 10,000 மணிக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போகிறேன். வயலின் வாசிப்பவள் என்பதால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1993ல் ஆண்டர்ஸ் எரிக்சனும் அவருடன் இருந்தவர்களும் பெர்லினில் இசை பயின்ற வயலின் மாணவர்களைப் பார்த்து எழுதியது அது. மிகச் சிறந்த மாணவர்கள் இருபது வயதுக்குள் செய்திருந்த தனிப் பயிற்சியின் சராசரிதான் அந்த எண். சராசரி என்றால் அதற்குக் கீழேயும் ஆட்கள் இருந்தார்கள். எரிக்சனே பிற்பாடு, அதை ஒரு விதியாக நான் சொல்லவில்லை என்று மறுத்தார். அந்தச் சிறந்த மாணவர்கள் நன்றாகத் தூங்கவும் செய்தார்கள் என்று அதே ஆய்வில் இருக்கிறது. அதை மட்டும் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

வீணை எஸ். பாலசந்தரை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுவயதில் கஞ்சிரா, சதுரங்கம். அப்புறம் சிதார். பாடலே இல்லாத தமிழ்ப் படத்தை 1954ல் இயக்கியவரும் அவர்தான். குரு யாருமில்லாமல் தானாகவே வீணை கற்றார், பிறகு சினிமாவை விட்டுவிட்டு அதோடேயே இருந்தார். இவரை எந்தப் பக்கம் சேர்ப்பீர்கள்? அந்தக் கஞ்சிரா வீணான காலமா? நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால் சினிமாவை விட்டாரே, அந்த இடமும் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

என் கதை ஒன்றுதான். எஸ்பிளனேட் கலை அரங்கின் நீர்முகப்பில் ஒரு மாலை இலவசக் கச்சேரி கேட்டு நின்றிருந்தபோது பக்கத்திலிருந்த பெரியவர் வாத்தியக்காரரைவிட முன்னால் தலையசைத்தார். பாட்டு வரி அடுத்து எப்படித் திரும்பும் என்ற அந்தச் சங்கதி வருவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்தது. நீங்கள் வாசிப்பீர்களா என்றேன். இல்லை, கேட்பேன் என்றார். நாற்பது வருடமாகக் கேட்பதாகச் சொன்னார். அதையும் ஒரு தேர்ச்சி என்று அதுவரை நான் நினைத்துப் பார்த்ததில்லை.

மூன்றாம் மாடி

நாற்பது சார், வற்புறுத்திப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். பேருந்தில் அவள் கேட்டதை மறுபடி படியுங்கள். போன மாதம் தானாகவே மண்பாண்ட வகுப்புக்குப் போகிறேன் என்றாள். இரண்டு வாரத்தில் விட்டுவிட்டாள். இப்போது கிரோஷே பின்னுகிறாள். அதையும் விடட்டும். எத்தனை மரம் வேண்டுமானாலும் பார்க்கட்டும்.

கோப்பி ஓ கோசோங்

அக்கா, அந்தக் கடைசி வரிக்கு நன்றி. நாற்பது சார் என்னிடம் சொன்னதில் ஒன்று மட்டும் சரி, காது பழகவில்லை. வரும் ஞாயிறு கேமரா இல்லாமல் கெபுன் பாருவுக்குப் போகிறேன்.

ஈசூன் மழை

எல்லாவற்றையும் படித்தேன். விற்றது தவறு என்றதும் இரவு முழுக்கத் தூக்கமில்லை. காலையில் அங்கிளுக்கு அழைத்தேன். மிருதங்கத்தைத் திருப்பிக் கேட்கத்தான் அழைத்தேன், உண்மையைச் சொல்கிறேன். ஆனால் அவர் குரலைக் கேட்டதும் அது வாயில் வரவில்லை. தரிகிடதொம் மூன்றாம் காலத்தோடு விட்டேன் அங்கிள், வேலை என்று சொன்னது பொய் என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அங்கதான் எல்லாருக்கும் கை வலிக்கும்" என்றார்.

நீங்கள் எது வரைக்கும் வந்தீர்கள் என்று நானும் கேட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. முப்பத்தெட்டு வருடமாகக் கோயில் பஜனைக்கு வாசிக்கிறாராம். தனி ஆவர்த்தனத்தை முடிக்கும் மோரா, கோர்வை எல்லாம் கையில் இருக்கிறதாம். இன்றுவரை ஒரு மேடையிலும் தனி வாசித்ததில்லையாம். யாரும் கேட்கவில்லை, தானும் கேட்டதில்லை என்றார்.

வலந்தலையை மாற்ற ஊருக்கு அனுப்பியிருக்கிறார். வந்ததும் கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.