பொருள்: ஃபைண்ட், லொக்கேட் – இரண்டுமே 'தேடல்' தானா?

ஏற்காடு:
கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்கு லினக்ஸ் கட்டளை வரிக் கையேடு, அதாவது கட்டளைகளைத் தட்டச்சிட்டுக் கணினியை இயக்கும் முறைக்கான கையேடு, எழுதுகிறேன். கட்டளைப் பெயர்களைத் தொடப்போவதில்லை. அவை செய்யும் வேலைக்குத்தான் பெயர் வேண்டும். ஃபைண்ட், ஒரு கோப்பைத் தேடி, நாம் சொல்லும் அடைவில் (டைரக்டரி) தொடங்கி உள்ளடைவு ஒவ்வொன்றிலும் இறங்கிப் பார்க்கிறது. லொக்கேட் எங்கும் போவதில்லை, முன்பே எழுதிவைத்த பட்டியலைப் புரட்டுகிறது. இரண்டையும் 'தேடல்' என்றே எழுதியிருந்தேன். "இப்பத்தான் சேமிச்சேன் டீச்சர், ஃபைண்டுல வருது, லொக்கேட்ல வரல. ரெண்டும் தேடல்தானே?" என்றான் ஒரு பையன். திங்கட்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்கணும்.

செவ்வாய்ப்பேட்டை:
ஃபைண்டுக்குத் 'துழாவல்'. இருட்டில் அடுக்குப்பானைக்குள் கைவிட்டுப் பார்ப்பதேதான் அது. குறுந்தொகை 167இல் 'தான்துழந் தட்ட' (தானே துழாவிச் சமைத்த) என்று வருகிறதே! துழாவு, துளை, துருவு மூன்றும் ஒரே வேர் என்பது என் துணிபு. துடுப்பையும் இதில் சேர்க்கலாம், அதைத் தனி மடலில் விரிக்கிறேன்.

சூரமங்கலம்:
ஐயா, அந்தப் பாட்டில் தலைவி துழாவுவது புளிக்குழம்பை. ஃபைண்ட் எதையும் கலக்காது, கூடவே டெலீட் சேர்த்தால் ஒழிய. துடுப்பை விடுங்கள், துளைக்கும் துருவுக்குமே உறவு எனக்கு விளங்கவில்லை.
லொக்கேட்டுக்கு 'உசாவல்' (கேட்டறிதல்) சொல்லலாம். ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவிலும் வண்டியை நிறுத்தி ஆளைத் தேடினால் அது ஃபைண்ட். அடிவாரத்து டீக்கடையில் கேட்டுவிட்டு ஏறினால் லொக்கேட். கடைக்காரர் சொல்வது நேற்றைய சேதியாகவும் இருக்கலாம். ஆள் மலையிறங்கிப் போயிருப்பார், இவர் "மேலதான் இருக்காரு" என்பார். அழித்த கோப்பையும் லொக்கேட் அப்படித்தான் காட்டும்.

ஆத்தூர்:
உவமை அருமை, சொல்தான் உதைக்கிறது. 'உசாவே சூழ்ச்சி' என்கிறது தொல்காப்பியம். அங்கே சூழ்ச்சி என்றால் கலந்தாராய்தல். இன்றைய பையனிடம் சொன்னால் லொக்கேட் சதி செய்வதாக நினைப்பான்.
போகட்டும், 'அடைவு' யாருக்குப் புரிகிறது? இலங்கையில் அடைவு கடை என்றால் அடகுக்கடை. கோப்பை வட்டிக்கு வைத்த மாதிரி இருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டை:
அடைவை இங்கே இழுக்காதீர்கள் தம்பி. அது ஊறிப்போன சொல்.

ஆத்தூர்:
எங்கே ஊறியது? நம் குழுவுக்குள்தான்.

சூரமங்கலம்:
டீச்சருக்கு நாள் நெருங்குகிறது. 'நேரடித் தேடல்', 'அட்டவணைத் தேடல்'. முடித்துவிடலாமா?

செவ்வாய்ப்பேட்டை:
அட்டவணை மராத்தியிலிருந்து வந்தது.

சூரமங்கலம்:
சரிங்க, 'பட்டியல் தேடல்'.

ஆத்தூர்:
சம்மதம். அலுத்துவிட்டது என்பதால் சம்மதம்.

ஏற்காடு:
நன்றி. நேரடித் தேடல், பட்டியல் தேடல் என்றே அச்சுக்குப் போகிறது. அப்டேட்டிபி என்ற கட்டளை ஓடினால்தான் லொக்கேட்டின் பட்டியல் புதிதாகும், வழக்கமாக நாளுக்கு ஒருமுறை தானே ஓடும், அவசரமென்றால் நாமே ஓட்டலாம் என்று ஒரு வரியும் சேர்த்துவிட்டேன். அந்தப் பையனிடம் 'துழாவல்' என்றும் சொல்லிப் பார்த்தேன். "கொழம்புல கரண்டி விடற மாதிரியா டீச்சர்? அப்ப அடி வரைக்கும் போகும்" என்றான். அவனுக்குப் புரிந்துவிட்டது, எனக்குத்தான் அச்சிடத் துணிவில்லை.

செவ்வாய்ப்பேட்டை:
பார்த்தீர்களா! அடுத்த பதிப்பு எப்போது?